முதுகெலும்பு வைத்தியம் விஞ்ஞானமா?

நம் சங்கத்து மூத்த அங்கத்தினர் ஒருவர் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். வயதில் பெரியவர் என்பதால் நாமெல்லாரும் அவரைக் காக்கா என்றே அழைப்பது வழக்கம். கடையில் எத்தனை ஆள் இருந்தாலும் அரிசி மூட்டையைத் தம் கையாலேயே இறக்கி வைத்தால்தான் அவருக்குத் திருப்தி. அப்படி இறக்கப்போய் ஒருநாள் இடுப்புப் பிடித்துக்கொண்டது. குனிந்தவரால் நிமிர முடியவில்லை. சில நாள் தைலம் தேய்த்துப் பார்த்துவிட்டு, யாரோ சொல்லக் கேட்டு, கைரோப்ராக்டிக் என்னும் முதுகெலும்பு வைத்தியம் செய்யும் ஓரிடத்துக்குப் போனார். குப்புறப் படுக்க வைத்துக் கையால் அழுத்தித் திருப்பினார்களாம். 'சடக்'கென்று சத்தம் கேட்டதாம். நாலு தடவை போனதில் வலி பாதிக்குமேல் குறைந்துவிட்டது.

இத்துடன் நின்றிருந்தால் இக்கட்டுரைக்கு வேலையில்லை. 24 தடவைக்கு முன்பணம் கட்டினால் சலுகை உண்டென்று அங்கே சொன்னார்கள். காக்காவின் பேரனுக்கு ஆஸ்துமா உண்டு என்று பேச்சுவாக்கில் தெரிந்ததும், பையனையும் அழைத்து வாருங்கள், முதுகெலும்பைச் சரிசெய்துவிட்டால் நாளடைவில் மருந்தே வேண்டியிராது என்றும் சொன்னார்கள். காக்கா யோசனையோடு வந்து நம்மிடம் உட்கார்ந்தார்.

"தம்பி, நீங்க நாலு புத்தகம் பார்க்குறவங்க. இது விஞ்ஞானமா இல்லையா? ஒரே வார்த்தையிலே சொல்லுங்க."

ஒரே வார்த்தையில் சொல்ல நம்மால் இயலவில்லை. மண்டபத்தில் இருந்தோர் அதற்குள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டனர். "சுகமானவரே எதிரில் உட்கார்ந்திருக்கும்போது வேறென்ன அத்தாட்சி வேண்டும்?" என்றது ஒரு கட்சி. "எல்லாம் பித்தலாட்டம்" என்றது மற்றது. இரு கட்சியாரும் ஒரு தவறு செய்தனர் என்பது நம் அபிப்பிராயம். இடுப்பு வலிக்குக் கைவைத்து அழுத்துவது ஒரு விஷயம். பேரனின் ஆஸ்துமாவுக்கு முதுகெலும்பே காரணம் என்பது முற்றிலும் வேறொரு விஷயம். இரண்டையும் ஒரே தராசுத் தட்டில் போட்டு நிறுத்தால் எடை எப்படிச் சரியாக வரும்?

முதலில் இவ்வைத்தியத்தின் வரலாற்றைப் பார்ப்போம். நம்மூரில் சுளுக்கு வழிப்பவர்களும், உடம்பு பிடித்துவிடும் மலாய்க்காரப் பெரியவர்களும் செய்வதுபோன்ற தொன்மையான கைவைத்தியமே இதுவும் என்று நினைப்போர் உண்டு. கையால் எலும்பையும் தசையையும் சரிசெய்யும் வழக்கம் உலகெங்கும் பழையதுதான். ஆனால் கைரோப்ராக்டிக் என்ற பெயரும் கொள்கையும் உண்டானது 1890களில், ஐக்கிய அமெரிக்காவில், அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரத்தில். உண்டாக்கியவர் கனடாவில் 1845இல் பிறந்த டேனியல் டேவிட் பால்மர். அதற்குமுன் அவர் செய்துவந்தது காந்த வைத்தியம்.

1895 செப்டம்பரில், தாம் இருந்த கட்டடத்தைத் துப்புரவு செய்துவந்த ஹார்வி லில்லார்ட் என்பவரின் முதுகில் ஓர் எலும்பு தூக்கலாக இருக்கக் கண்டு, அதை அழுத்தி உள்ளே தள்ளியதும் 17 வருஷமாகச் செவிடாயிருந்த அம்மனிதருக்குக் காது கேட்டது என்று பால்மர் எழுதி வைத்தார். லில்லார்டின் மகள் பிற்காலத்தில் சொன்ன கதையோ வேறு. தம் தந்தை யாருக்கோ வேடிக்கைக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டு ரசித்த பால்மர் கையிலிருந்த புத்தகத்தால் முதுகில் ஓங்கித் தட்டினார். சில நாள் கழித்துக் காது சற்று நன்றாகக் கேட்பதாகத் தந்தை சொன்னார் என்பது அவர் வாக்கு. எது உண்மையாயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. காதிலிருந்து மூளைக்குப் போகும் கேள்வி நரம்பு மண்டையோட்டுக்குள்ளேயே போய்ச் சேர்கிறது. முதுகெலும்பின் வழியாக அது வருவதே இல்லை.

'கை', 'செயல்' என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து இதற்குப் பெயரிட உதவியவர் பால்மரின் நண்பரான ஒரு பாதிரியார். பெயர் வந்தது, 1897இல் பள்ளிக்கூடமும் வந்தது. கொள்கையும் விரிந்துகொண்டே போயிற்று. முதுகெலும்புக் கண்ணிகள் இடம் பிசகி நரம்பை நெருக்குவதால், உடலை நடத்தும் உள்ளறிவின் ஓட்டம் தடைப்படுகிறது. மனிதனுக்கு வரும் வியாதிகளில் நூற்றுக்கு 95 இதனாலேயே வருகின்றன என்று 1910இல் வெளியிட்ட நூலில் பால்மர் சாதித்தார். கிருமிகளால் நோய் வருவதை விஞ்ஞானிகள் ஒவ்வொன்றாக நிரூபித்துக்கொண்டிருந்த காலம் அது என்பதை வாசகர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

இக்கொள்கையைச் சோதிப்பது அப்படியொன்றும் அசாத்தியமன்று. யேல் பல்கலைக்கழகத்து உடற்கூற்றுப் பேராசிரியர் எட்மண்ட் கிரெலின், இறந்து சில மணி நேரமே ஆனவர்களின் முதுகெலும்புகளை எடுத்து, இயந்திரத்தில் பூட்டி, அழுத்தியும் முறுக்கியும் பார்த்து 1973இல் தம் முடிவை வெளியிட்டார். முதுகெலும்பு முறியும் அளவுக்கு நெருங்கினாலன்றி, கண்ணி பிசகி நரம்பை நெருக்கும் நிலை உண்டாகவில்லை. தட்டு பிதுங்கி நரம்பை அழுத்தும் நோய் உண்டு என்பது மெய்யே. ஆனால் அது கால் மரத்துப்போதல், கால் வழியே வலி இறங்குதல் என்று தன்னை வெளிக்காட்டும். காதையும் இரைப்பையையும் நுரையீரலையும் கெடுக்கின்ற, கண்ணுக்குத் தெரியாத பிசகு என்பதைத்தான் எவராலும் காட்ட முடியவில்லை.

இதை எதிராளிகள் மட்டும் சொல்லவில்லை. பிரிட்டனில் இவ்வைத்தியர்களைச் சட்டப்படி பதிவு செய்து கண்காணிக்கும் கவுன்சிலே, அந்தப் பிசகுக் கொள்கை சரித்திரத்தில் இருந்த ஒரு கருத்து. அதுவே நோய்க்குக் காரணம் என்பதற்கு ஆராய்ச்சி ஆதாரம் இல்லை என்று 2010இல் அறிவித்தது. ஆக, இவ்வைத்தியர்களுக்குள்ளேயே பால்மர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டிருப்போர் ஒருபுறமும், முதுகு கழுத்து வலிகளோடு நிறுத்திக்கொண்டு உடற்பயிற்சியும் சேர்த்துச் சொல்வோர் மறுபுறமுமாக இருக்கின்றனர். காக்கா போனது எப்பக்கத்தாரிடம் என்பது பேரனைப்பற்றி அவர்கள் சொன்னதிலிருந்தே விளங்கும்.

கொள்கை பொய்த்தால் சிகிச்சையும் பொய்யா என்று கேட்டால், அவசியமில்லை. காரணம் தெரியாமலே பலன் தந்த மருந்துகள் உண்டு. பலனைத் தனியே சோதித்தாக வேண்டும். ஆனால் அதை யார் சோதிப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகின்றனர். கோர்ட்டும் சர்க்காரும் சோதித்துவிட்டதாக எண்ணிக்கொள்கின்றனர்.

லைசென்ஸ் இல்லாமல் வைத்தியம் செய்ததற்காக 1906இல் பால்மர் சிறைக்குப் போனார். 1913இல் கான்ஸாஸ் மாநிலம் இவ்வைத்தியத்தைச் சட்டத்தால் ஒப்புக்கொண்டது. கடைசியாக 1974இல் லூயிசியானாவும் ஒப்பியது. இதற்கிடையே அமெரிக்க மருத்துவச் சங்கம் 1963இல் போலி வைத்திய ஒழிப்புக் கமிட்டி ஒன்றை அமைத்து, டாக்டர்கள் இவர்களோடு தொழில்முறையில் சேரவே கூடாதென்று தடுத்து வந்தது. செஸ்டர் வில்க் என்பவரும் அவருடைய தோழர்களும் 1976இல் வழக்குத் தொடுத்தனர். 1987இல் நீதிபதி சூசன் கெட்ஸென்டானர் மருத்துவச் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். 1990இல் மேல் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. "கோர்ட்டே ஒப்புக்கொண்டுவிட்டது" என்று இன்றும் சிலர் இத்தீர்ப்பைக் காட்டுவதுண்டு. வியாபாரப் போட்டியைத் தடுக்கக் கூட்டுச் சேர்ந்தது குற்றம் என்பதே அத்தீர்ப்பு. இவ்வைத்தியம் விஞ்ஞானமா அல்லவா என்பதில் தாம் தீர்ப்புக் கூறவில்லை என்று நீதிபதியே தெளிவாகச் சொல்லியிருக்கிறார்.

இங்கிலாந்தில் வழக்கு எதிர்த்திசையில் ஓடிற்று. குழந்தைகளின் வயிற்றுவலி, ஆஸ்துமா முதலியவற்றுக்கு இச்சிகிச்சை உதவும் என்று சொல்லப்படுவதைக் கண்டித்து 2008இல் கார்டியன் பத்திரிகையில் எழுதிய சைமன் சிங் என்ற எழுத்தாளர்மீது பிரிட்டிஷ் கைரோப்ராக்டிக் சங்கம் மானநஷ்ட வழக்குப் போட்டது. 2010இல் அப்பீல் கோர்ட்டு எழுத்தாளர் பக்கம் சாயவே, சங்கம் வழக்கை விட்டுவிட்டது. விஞ்ஞான விவாதத்தைக் கோர்ட்டுக்கு இழுக்கலாமா என்ற கூக்குரல் அந்நாட்டு அவதூறுச் சட்டத்தையே 2013இல் திருத்த உதவிற்று. இங்கும் கோர்ட்டு ஆராய்ந்தது எழுத்துரிமையை, முதுகெலும்பையன்று.

மலேசியாவில் 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின்கீழ் அங்கீகரிக்கப்பட்ட பிரிவுகளில், மலாய் வைத்தியம், சீன வைத்தியம், ஹோமியோபதி முதலியவற்றோடு கைரோப்ராக்டிக்கும் ஒன்று. இது நல்லதே. செய்பவர் யார், படித்தாரா, பதிவு பெற்றவரா என்று கேட்க நமக்கு வழி பிறக்கிறது. ஆனால் காரோட்ட லைசென்ஸ் வைத்திருப்பவர் சொல்லும் பாதையெல்லாம் சரியான பாதை ஆகிவிடாது.

இனி, பலனைச் சோதிக்கும் விதத்துக்கு வருவோம். "எனக்குச் சுகமாயிற்று" என்பதில் பொய் இல்லை. "இதனால் சுகமாயிற்று" என்பதில்தான் சிக்கல். திடீரென்று வரும் இடுப்பு வலி பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் எந்த வைத்தியமும் இன்றியே பெரிதும் தணிந்துவிடும். மேலும், நாம் வைத்தியரைத் தேடிப் போவது வலி உச்சத்தில் இருக்கும் நாளில். உச்சத்துக்குப் பின் இறக்கம்தானே. அன்போடு ஒருவர் கேட்டு, தொட்டு, நம்பிக்கை கொடுத்தாலே பாதி வலி குறைவதும் கண்கூடு. இம்மூன்றையும் பிரித்தெடுக்க ஒரே வழி, நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு மெய்ச் சிகிச்சையும் மற்றதற்குப் பாவனைச் சிகிச்சையும் கொடுத்து, யாருக்கு எது என்பதை மறைத்து வைத்து, பிறகு கணக்கெடுப்பதே.

நார்வே நாட்டில் 2001இல் இப்படி ஒன்று செய்தார்கள். ஓயாமல் அழும் வயிற்றுவலிக் குழந்தைகள் 86. ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு முதுகெலும்புச் சிகிச்சை; மற்றக் குழந்தைகளை ஒரு நர்ஸ் பத்து நிமிஷம் கையில் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார், அவ்வளவுதான். தன் பிள்ளைக்கு எது நடந்தது என்று தாய்க்குத் தெரியாது. சிகிச்சை பெற்றதில் நூற்றுக்கு 70 குழந்தைகளுக்குக் குணம் தெரிந்தது. அற்புதம் என்று சொல்லத் தோன்றும். நர்ஸ் கையில் சும்மா இருந்தவற்றில் நூற்றுக்கு 60 குழந்தைகளுக்கும் குணம் தெரிந்தது! இச்சிறு வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது என்று ஆராய்ச்சியாளர் முடிவு கட்டினர். இரண்டாவது கூட்டம் இல்லாமல் முதற்கூட்டத்தை மட்டும் பார்த்திருந்தால், ஊரிலுள்ள தாய்மாரெல்லாம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

காக்காவின் பேரனுக்கு நேரே பொருந்தும் சோதனை 1998இல் கனடாவில் நடந்தது. ஆஸ்துமா உள்ள 91 பிள்ளைகளைச் சேர்த்து, எல்லாருக்கும் வழக்கமான மருந்தை நிறுத்தாமல் கொடுத்துக்கொண்டே, ஒரு பாதிக்கு நான்கு மாதம் மெய்யான முதுகெலும்புச் சிகிச்சையும், மறுபாதிக்கு அதைப்போலவே நடித்த பாவனைச் சிகிச்சையும் செய்தனர். இரு கூட்டத்துப் பிள்ளைகளும் இளைப்புக் குறைந்ததாகச் சொன்னார்கள். இரு கூட்டத்திலும் இடையிடையே உறிஞ்சும் மருந்தின் தேவை குறைந்தது. மூச்சை அளந்து பார்த்தபோதோ, இரு கூட்டத்துக்கும் சொல்லத்தக்க வித்தியாசமே இல்லை. முதுகெலும்புச் சிகிச்சையால் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை என்பது தீர்ப்பு. ஆஸ்துமா விஷயத்தில் "தேவலை என்று தோன்றுவது" ஆபத்தானது என்பதையும் சொல்லிவைக்கிறோம். பிள்ளைக்கு நன்றாயிருப்பதாகத் தோன்றும்போதே மூச்சுக்குழாய் உள்ளே சுருங்கிக்கொண்டிருக்கலாம். தடுப்பு மருந்தை நிறுத்திய வீட்டில் நள்ளிரவில் ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டிவருவது இதனால்தான்.

இப்போது காக்காவின் இடுப்புக்கு வருவோம். இங்கே கணக்கு மாறுகிறது. மாறுவதை ஒளிக்க நமக்கு விருப்பமில்லை. புதிதாக வந்த இடுப்பு வலிக்குச் செய்த 26 சோதனைகளைத் திரட்டி 2017இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையிலேயே ஒரு கட்டுரை வெளிவந்தது. ஒரு காலத்தில் ஒழிப்புக் கமிட்டி வைத்திருந்த அதே சங்கம்தான்! வலியை 100 மாத்திரை அளவில் அளந்தால், முதுகெலும்பை அழுத்தித் திருப்பும் சிகிச்சையால் ஆறு வாரத்துக்குள் சுமார் 10 மாத்திரை குறைகிறது என்பது அதன் முடிவு. அற்பம் என்று தள்ளுவதற்கில்லை. அதிசயம் என்று கொண்டாடுவதற்கும் இல்லை. நாள்பட்ட இடுப்பு வலிக்கு 26 சோதனைகளில் 6,070 பேரைப் பற்றிய கணக்கை 2011இல் திரட்டியவர்கள், மற்ற சிகிச்சைகளைவிட இது மேலானதாகத் தெரியவில்லை என்றனர்.

"மற்ற சிகிச்சைகள்" என்றதும் அவை பெரிதாகச் சாதிப்பதாக எண்ணிவிட வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 1,600க்கு மேற்பட்டோரிடம் சோதித்ததில், புதிய இடுப்பு வலிக்கு பாராசிட்டமால் மாத்திரை வெறும் மாவு மாத்திரையைவிட விரைவில் குணம் தரவில்லை என்று 2014இல் தெரியவந்தது. படுக்கையில் கிட என்று தலைமுறை தலைமுறையாக டாக்டர்கள் சொன்ன புத்திமதியும் தவறென்று கைவிடப்பட்டுவிட்டது. இடுப்பு வலி விஷயத்தில் எவரும் மார் தட்டிக்கொள்ள இடமில்லை. 1998இல் அமெரிக்காவில் 321 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு சாராருக்குக் கைரோப்ராக்டிக், ஒரு சாராருக்கு உடற்பயிற்சிச் சிகிச்சை, ஒரு சாராருக்கு ஒரு சிறு புத்தகம் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். குணத்தில் மிகச் சிறிய வேறுபாடே இருந்தது. இரண்டு வருஷச் செலவோ, கைரோப்ராக்டிக்காருக்கு 429 டாலர். புத்தகக்காருக்கு 153 டாலர். ஆனால் சிகிச்சையில் திருப்தி அடைந்தவர்கள் புத்தகக் கூட்டத்தில் மிகக் குறைவு. கையால் தொட்டுப் பார்க்கிற வைத்தியரை மனிதன் விரும்புகிறான். புத்தகத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் கோபித்துக்கொள்கிறான். இது நம்மெல்லாருக்கும் தெரிந்த சுபாவமே.

அந்தச் 'சடக்' சத்தத்தைப் பற்றிக் காக்கா வெகுவாக வியந்தார். எலும்பு தன் இடத்தில் போய் உட்கார்ந்த சத்தம் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். மூட்டுக்குள் இருக்கும் நீரில், மூட்டு சட்டென்று விலகும்போது வாயு வெற்றிடம் உண்டாவதே அச்சத்தம். விரல் சொடக்குப் போடுவதை அப்படியே படம் பிடித்து 2015இல் கனடா நாட்டார் காட்டினர். நெட்டி முறிப்பதால் விரலெலும்பு ஒன்றும் இடம் மாறுவதில்லையே.

அபாயம் உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். இடுப்புக்குச் செய்வதில் ஓரிரு நாள் உடம்பு நோவு ஏற்படுவதே பெரும்பாலும் காணப்படுவது. கழுத்தைச் சட்டென்று திருப்புவதில்தான் தகராறு. கழுத்தெலும்புத் துளைகளின் வழியே மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் இரண்டு செல்கின்றன. அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அபூர்வம், ஆனால் உண்டு. சிகிச்சையால்தான் கிழிந்ததா, அல்லது ஏற்கெனவே கிழியத் தொடங்கியதால் வந்த கழுத்து வலிக்காகவே அவர்கள் சிகிச்சைக்குப் போனார்களா என்பதில் விவாதம் தீரவில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் இத்தகைய 818 பக்கவாதங்களை ஆராய்ந்து 2008இல் வெளியிட்டவர்கள், சாதாரண டாக்டரிடம் போனவர்களுக்கும் அதே அளவு தொடர்பு காணப்படுவதாகச் சொன்னார்கள். அதாவது பின்னதே காரணமாயிருக்கலாம் என்றார்கள். எப்படியாயினும், கிழிந்த குழாயுள்ள கழுத்தைத் திருப்பினால் நன்மை விளையப் போவதில்லை. நிச்சயமான பலன் இல்லாத இடத்தில் சிறு அபாயமும் பெரிய விலைதான் என்பது நம் கருத்து. கழுத்தைத் திருப்ப நாமாக இருந்தால் சம்மதிக்க மாட்டோம்.

இன்னொன்று. இடுப்பு வலியோடு கால் பலவீனமாதல், ஆசன வாயைச் சுற்றி மரத்துப்போதல், சிறுநீர் கட்டிக்கொள்ளுதல் அல்லது தானே போதல், காய்ச்சல், காரணமில்லாத உடல் மெலிவு ஆகியவை இருந்தால், எந்தக் கை வைத்தியரையும் தேடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். புற்றுநோய் வந்து குணமானவர்களும், எலும்பு தேய்ந்த முதியவர்களும் டாக்டரைக் கேளாமல் முதுகை அழுத்தவிடக் கூடாது.

இவ்வளவையும் காக்காவிடம் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். 24 தடவைக்கான முன்பணத்தை அவர் கட்டவில்லை. பேரனை அங்கே அழைத்துப் போகவுமில்லை. மாறாக, பையன் உறிஞ்சுகிற மருந்தைச் சரியான முறையில்தான் உறிஞ்சுகிறானா என்று பார்க்க, வழக்கமாகப் போகும் கிளினிக்குக்கு அவரே கூட்டிப்போனார். பையன் இதுவரை தப்பாக உறிஞ்சிக்கொண்டிருந்தானாம்.

சென்ற வாரம் கடைப்பக்கம் போயிருந்தோம். காக்கா மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார். ஆனால் மறுமுனையை ஒரு பையன் பிடித்திருந்தான். வலி முழுவதும் போய்விட்டதாகச் சொன்னார். "காக்கா, அந்த வைத்தியர் கையாலே போச்சா, நாள் ஆனதாலே போச்சா?" என்று கேட்டோம்.

"அதை நீங்கதான் தம்பி சொல்லணும்" என்றார்.

இரண்டாவது காக்கா ஒருவர் இருந்து, அவரும் அதே நாளில் அதே மூட்டையைத் தூக்கி, வைத்தியரிடம் போகாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்போம் என்றோம். அவர் சிரித்துக்கொண்டே தேநீர் கொண்டுவரச் சொன்னார்.